மேட்டுத்தோட்டத்துக் கவாத்து

ஜனவரி 9

எனக்கு இங்க வேலை முடியிற நேரம் பவுலினுக்கு அங்க நடுச்சாமம். "தூங்குற பொம்பளைய எழுப்பி எழுப்பிப் புலம்பாதீங்க, எதுலயாவது எழுதித் தொலைங்க" அப்படின்னுட்டா என் பொண்டாட்டி. அதான் எழுதுறேன்.

நான் சூசைமாணிக்கம். கம்பம் பள்ளத்தாக்குக்காரன். பந்தல்ல பன்னீர் திராட்சை போட்டவன். இத்தாலிக்கு வந்து இது மூணாவது வருசம். இத்தனை நாளும் ஒரு மாட்டுப் பண்ணையில சாணி அள்ளினேன். மாதா புண்ணியத்துல இந்த ஊர்ப் பங்குச் சாமியார் சொல்லி இப்பத்தான் ஒரு திராட்சைத் தோட்டத்துல சேர்ந்திருக்கேன். லாங்கேன்னு சொல்ற குன்றுநாடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்று, குன்று பூரா வரிசை வரிசையா கொடி. பரோலோன்னு ஒரு ஒயின், அது இந்த மண்ணுல மட்டும்தான் ஆகுமாம்.

முதலாளியம்மா பேரு ஒர்னெல்லா. நம்ம ஊர்ல அம்மான்னு கூப்பிடுற மாதிரி இங்க சிஞ்ஞோரான்னு கூப்பிடணும். புருசன் ரென்சோ போன அக்டோபர்ல, அறுவடை நேரத்துல, டிராக்டர் கவுந்து செத்துட்டாரு. பிள்ளைகுட்டி இல்ல. தோட்டம் பாக்க ஆள் வேணும்னு என்னைச் சேத்துக்கிட்டாங்க.

பேச்சு இதுதான். இந்த வருச அறுவடையை நான் நல்லபடியா எடுத்துக் கொடுக்கணும். கொடுத்தா, வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற அறைகளை எனக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவாங்க. குடும்பத்துக்குத் தங்க இடம் இருக்குன்னு காட்ட அந்தக் கையெழுத்து இருந்தாத்தான் பவுலினையும் பிள்ளைகளையும் இங்க கூட்டிட்டு வர முடியும்.

இன்னிக்கு ஒண்ணு கேட்டு ஆடிப்போயிட்டேன். ரொம்ப அவசரம்னா ஒழிய இங்க திராட்சைக்குத் தண்ணியே பாச்சக் கூடாதாம். சட்டமாம். வருசத்துக்கு ஒரே காய்ப்புதானாம். இவனுகளையா உலகம் பூரா பெரிய திராட்சைக்காரன்னு கொண்டாடுது?

ஜனவரி 14

பொங்கல். பால்ல அரிசியப் போட்டுக் கிண்டினேன். வெல்லம் இல்ல, சீனிதான். சிஞ்ஞோராவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன், மிச்சம் வைக்காமச் சாப்பிட்டாங்க.

வீட்டுக்குக் கீழ இருக்கிறதுக்குப் பள்ளத்தோட்டம்னும், மேல இருக்கிறதுக்கு மேட்டுத்தோட்டம்னும் நானே பேரு வச்சுக்கிட்டேன். இன்னிக்குப் பள்ளத்தோட்டத்துல கவாத்து பண்ண, அதான் பழைய கிளைய வெட்டி விட, கூலியாளுக வந்தானுக. அவனுக வெட்டினதைப் பாத்து எனக்குச் சிரிப்பு அடங்கல. கொடிக்கு ஒரு வாதை, அதான் கிளைய, கை நீளத்துக்கு அப்படியே விட்டுட்டு, அதை வளைச்சுக் கம்பியில கட்டிட்டுப் போறானுக. வெட்டச் சோம்பேறித்தனம், வேறென்ன. எங்க ஊர்ல இப்படி வெட்டினா கத்தரியைப் பிடுங்கிக்கிட்டு வெரட்டி விட்ருவாங்க.

மேட்டுத்தோட்டத்துக்கு எப்ப வருவாங்கன்னு சிஞ்ஞோராகிட்ட கேட்டேன். "வரல. அது அப்படியே இருக்கட்டும் சூசா" அப்படின்னு சொல்லிட்டு அடுப்பைத் துடைச்சாங்க. அடுப்பு ஏற்கனவே பளபளன்னுதான் இருந்துச்சு.

ஜனவரி 29

விசாரிச்சேன். இந்த வீட்டு நிலத்துல நெபியோலோங்கிற திராட்சை ஜாதி மேட்டுத்தோட்டத்துல மட்டும்தான் நிக்குது. பரோலோ அதுலருந்துதான் வருது. வீட்டுக்குப் பேரு, பெருமை எல்லாம் அதுதான். அதைப் போய் கவாத்து பண்ணாம விடுறதா? பாவம், புருசன் போன துக்கத்துல அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஓடல. ஆளுகளைக் கூப்பிட்டுப் பேரம் பேசத் தெம்பில்ல.

எனக்கென்ன கை இல்லையா? சொல்லாமக் கொள்ளாம நானே வெட்டி முடிச்சுக் காட்டப் போறேன். அப்பத் தெரியும் கம்பத்துக்காரன் யாருன்னு.

பிப்ரவரி 3

ஆரம்பிச்சுட்டேன். குளிர்ல விரல் மரத்துப் போகுது. ஆனா கத்தரி கைக்கு வந்ததும் நான் மனுசனாயிட்டேன். கொடியெல்லாம் வயசானது, தாங்காதுன்னு ஒவ்வொரு வாதுலயும் அடியில துளிர் விடுற கண் ரெண்டு மட்டும் விட்டு மொட்டையா வெட்டுறேன். அவனுக வெட்டின மாதிரி நீட்டிக்கிட்டு நிக்காம வரிசையைப் பாக்கவே அவ்வளவு லட்சணமா இருக்கு.

பக்கத்துத் தோட்டத்து தாரியோ வந்தாரு. அறுபது வயசு இருக்கும், ரென்சோவோட சின்ன வயசுல இருந்து கூட்டாளி. வேகமா ஏறி வந்தவர் ரெண்டாவது வரிசைகிட்ட நின்னுட்டாரு. நான் வெட்டினதைப் பாத்தாரு. வீட்டைத் திரும்பிப் பாத்தாரு. மறுபடி என்னைப் பாத்தாரு. வாயைத் திறந்து மூடினாரு. கடைசியில "பிராவோ" அப்படின்னு சொல்லிட்டு, வந்த வழியே இறங்கிப் போயிட்டாரு. பிராவோன்னா சபாஷ். பேச்சே வரல மனுசனுக்கு.

பிப்ரவரி 5

ஊரே வந்து வேடிக்கை பாக்குது. கடிதம் கொண்டு வர்ற பொண்ணு வண்டிய நிறுத்திட்டுப் பாத்தா. ரொட்டிக்கடைக்காரரு பாத்தாரு. சாமியாரும் வந்து, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, என் தோள்ல கையை வச்சு அப்படியே கொஞ்ச நேரம் நின்னாரு. அவங்களுக்குள்ள ஊர்ப் பேச்சுல மெதுவாப் பேசிக்கிறாங்க, அது எனக்குப் புரியாது. புரியணும்னு அவசியமில்ல. முகத்தைப் பாத்தாலே தெரியுது.

பவுலின்கிட்ட சொன்னேன். "ரொம்ப ஆடாதீங்க" அப்படிங்கிறா. பொறாமை.

பிப்ரவரி 8

முடிஞ்சது. சமையக்கட்டுக்குப் போய் சிஞ்ஞோராகிட்ட, "மேட்டுத்தோட்டம் பூராவும் வெட்டிட்டேன்" அப்படின்னேன். ஜன்னலோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. "எல்லா வரிசையுமா?" அப்படின்னு கேட்டாங்க. "ஒண்ணு விடல" அப்படின்னேன். நாற்காலிய இழுத்து உக்காந்துட்டாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. "நன்றி சூசா."

அப்புறம் ரென்சோவோட கம்பளிக் கோட்டை எடுத்து வந்து கொடுத்தாங்க. அப்பவே போட்டுக்கிட்டேன். இதுவரைக்கும் எந்த முதலாளியும் என் வேலையப் பாத்துக் கண் கலங்கினதில்ல.

ஏப்ரல் 16

துளிர் வந்துருச்சு. என்ன வீச்சு, என்ன பச்சை. மேட்டுத்தோட்டம் அடர்ந்து போய் நிக்குது. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். பங்காளிக்கு முதல்ல அனுப்பினேன், அவன்தான் நான் இத்தாலியில சாணி அள்ளுறதா ஊர் பூரா சொன்னவன்.

ஏப்ரல் 24

மழை. வேலை இல்ல. துணி துவைச்சேன், காயல.

மே 11

பள்ளத்தோட்டத்துல பூக்குலை எட்டிப் பாக்குது. மேட்டுல இன்னும் இல்ல. நெபியோலோ கொஞ்சம் மெதுவான ஜாதின்னு சொன்னாங்க, அதனால இருக்கும். இலையெல்லாம் நல்ல திடமா இருக்கு.

மே 19

பவுலினோட சண்டை. வீடியோவுல தோட்டத்தைச் சுத்திக் காட்டினேன். பாத்துக்கிட்டே வந்தவ, "ஏங்க, இலையாவே காட்டுறீங்களே, பூ எங்க?" அப்படின்னா.

"வரும்டி. இது குளிர் நாடு."

"கீழ்த் தோட்டத்துக்கு மட்டும் குளிர் இல்லையா?"

"அது வேற ஜாதி."

"பக்கத்துத் தோட்டத்துக்காரருதும் இதே ஜாதின்னீங்க. அவர் கொடியைக் காட்டுங்க."

சார்ஜ் இல்லேன்னு சொல்லி வச்சுட்டேன். அவளும் பந்தலுக்கடியில வளர்ந்தவதான், அதுக்காக எனக்கே வகுப்பெடுக்கிறா.

மே 20

தாரியோ தோட்டத்துல பூ இருக்கு.

மே 21

நேத்து அதுக்கு மேல எழுத முடியல.

தாரியோ கொடியில பூக்குலை வரிசையாத் தொங்குது. நான் வேலி ஓரமா நின்னு பாக்கிறதைப் பாத்துட்டு அவரே வந்தாரு. நான் கேக்கல. அவரா வளைச்சுக் கட்டின வாதை எடுத்து, அடியிலருந்து விரலை வச்சு ஒவ்வொரு கண்ணா நகத்திக்கிட்டே போனாரு. முதல் கண்ணுல இலை. ரெண்டாவதுலயும் இலை. அதுக்கு மேல போனப்புறம்தான் குலை. அடுத்த கொடிக்குப் போனாரு, அங்கயும் அதேதான்.

இந்த ஜாதிக்கு அடிக்கண்ணு காய்க்காது. தள்ளித்தான் காய்க்கும். அதுக்குத்தான் அந்தக் கூலியாளுக நீளமா விட்டு வளைச்சுக் கட்டினது. நான் சோம்பேறித்தனம்னு சிரிச்சது அதைப் பாத்துதான். காய்க்கிற கண்ணையெல்லாம் வெட்டிக் குமிச்சு நெருப்பு வச்சு, அதுல குளிர் காஞ்சிருக்கேன்.

மேட்டுத்தோட்டத்துல வரிசை வரிசையா இலையத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. மொத்தமா வெட்டினாலும் ஒரு கூடை தேறாது. அங்கயே வாந்தி எடுத்தேன்.

ஜூன் 2

பவுலின்கிட்ட சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" அப்படின்னு மட்டும் கேட்டா.

சொன்னா கையெழுத்து கிடைக்காது. பிள்ளைகளுக்கு இப்பவே அங்க பள்ளிக்கூடத்துல மாத்துச் சான்றிதழ் கேட்டு வச்சிருக்கா. எப்படிச் சொல்றது?

ஜூன் 27

மயில்துத்தக் கலவை அடிச்சேன், மேட்டுலயும்தான். காயே இல்லாத கொடிக்கு என்ன மருந்துன்னு யாரும் கேக்கக் கூடாதுல்ல.

சிஞ்ஞோரா அந்தப் பக்கமே வர்றதில்ல. நல்லவேளை. எப்படி இருக்குன்னு கேக்கிறதும் இல்ல. நானும் சொல்றதில்ல. சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் ரொட்டியைப் பத்தியே பேசிக்கிறோம்.

ஜூலை 30

இன்னிக்குப் பாத்ததை ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. தாரியோ நல்லா காய்ச்சிருக்கிற குலையைப் பாதிக்குப் பாதி வெட்டிக் கீழ தள்ளுறாரு. மிச்சக் குலைக்குச் சத்து சேரணுமாம். வரிசை நெடுக காய் தரையில கிடக்குது. மிதிச்சுக்கிட்டே நடக்கிறாரு.

அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் ரெண்டு குலையைப் பொறுக்கிச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு வந்து, என் கொடியில நூலால கட்டினேன். ஜன்னல்லருந்து பாத்தா காய் மாதிரி தெரியும்ல. கட்டி முடிச்சுத் தள்ளி நின்னு பாத்தப்பதான், நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்னு உறைச்சுது. அவுத்துத் தூர எறிஞ்சேன். எனக்குப் புத்தி பேதலிச்சுக்கிட்டு வருது பவுலின்.

செப்டம்பர் 6

சொல்லிட்டேன்.

காலையில பூசைக்குப் போயிட்டு வந்து, சமையக்கட்டுல நின்னு, ரென்சோவோட கோட்டைக் கொண்டு வந்து மேசை மேல வச்சேன். "சிஞ்ஞோரா, மேட்டுத்தோட்டத்துல இந்த வருசம் பழம் இல்ல. நான் தப்பா வெட்டிட்டேன். தெரிஞ்ச மாதிரி வெட்டிட்டேன். நான் போயிடுறேன்." மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், அதனால தட்டாம வந்துருச்சு.

அவங்க காபியை அடுப்புலருந்து இறக்கினாங்க. "தெரியும்" அப்படின்னாங்க.

"எப்பலருந்து?"

"நீ ரெண்டாவது வரிசையில இருக்கும்போதே. முப்பது வருசமா ரென்சோ விட்ட வாதையெல்லாம் வளைச்சுக் கட்டினவ நான். குட்டையா வெட்டினா காய்க்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏன் நிறுத்தச் சொல்லல?"

அவங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டேதான் சொன்னாங்க. "நாலாவது வரிசையிலதான் கிடந்தாரு. வெட்டின பழம் மொத்தமும் அவர் மேல. எது சாறு, எது ரத்தம்னு என்னால பிரிச்சுப் பாக்க முடியல சூசா. நான் துடைச்சேன், துடைக்கத் துடைக்கச் சிவப்பாவே இருந்துச்சு."

நான் டிராக்டர் ரோட்டுல கவுந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். யாரும் சொல்லல. நானும் கேக்கல. அந்த நாலாவது வரிசையில உக்காந்து ரொட்டி தின்னிருக்கேன்.

"இந்த அக்டோபர்ல அங்க பழம் தொங்கினா யாராவது கூடையோட போகணும், அதை என்னால பாக்க முடியாது. கொடியிலயே அழுக விட்டா ஊர் என்னைப் பைத்தியம்னு சொல்லும். என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன். நீ கத்தரியோட போனே."

"அப்ப என் கையை வச்சு நீங்க…" இத்தாலிய வார்த்தை வரல. தமிழ்லயே கத்தினேன். நான் செத்துப் பொழைச்ச நாலு மாசத்தைச் சொன்னேன், வாந்தி எடுத்ததைச் சொன்னேன், நூல் கட்டினதைச் சொன்னேன். ஒரு வார்த்தையும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது. ஆனா தலையைக் குனிஞ்சு கடைசி வரைக்கும் கேட்டாங்க.

"நீ என்னிக்காவது வந்து சொல்லுவேன்னு தினமும் பயந்துக்கிட்டே இருந்தேன்" அப்படின்னாங்க.

"ஊர் என்னை மடையன்னு நினைக்குது. போய்ச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்னு தாரியோகிட்ட சொல்லுங்க."

வீட்டுச் செருப்போடயே கிளம்பிட்டாங்க. நான் பின்னாலயே போனேன். தாரியோ களத்துல பீப்பாய் கழுவிக்கிட்டிருந்தாரு. சிஞ்ஞோரா, "தாரியோ, சூசா வெட்டும்போது எனக்குத் தெரியும்" அப்படின்னாங்க.

தாரியோ குழாயை மூடினாரு. தொப்பியக் கழட்டினாரு.

"தெரியும் ஒர்னெல்லா. எங்க எல்லாருக்கும் தெரியும்."

அப்புறம் என்னைப் பாத்துச் சொன்னாரு. "முதல் நாளே உன் கையப் பிடிச்சு நிறுத்தத்தான் ஓடி வந்தேன். ஜன்னலைப் பாத்தேன். இவ நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்து வேண்டாம்னு தலையசைச்சா. அதுக்கப்புறம் நான் என்ன சொல்ல முடியும்? மத்தவங்களும் வந்தாங்க, ஜன்னலைப் பாத்தாங்க, போயிட்டாங்க."

"சாமியாருமா?"

"சாமியாரும்தான்."

நான் அப்படியே களத்துல உக்காந்துட்டேன். ஊருக்கே தெரிஞ்சிருக்கு. கத்தரி பிடிச்சவன் ஒருத்தனுக்குத்தான் தெரியல.

செப்டம்பர் 7

காலையில கதவுக்கடியில அந்த அறைகளுக்கான காகிதம் கிடந்துச்சு. கையெழுத்துப் போட்டிருக்கு. கோட்டும் வாசல்ல மடிச்சு வச்சிருந்துச்சு. சந்தோசம் வரணும், வரல. பெட்டியை எடுத்து வெளிய வச்சேன். போறதா இருக்கிறதான்னு ஒண்ணும் புரியல. பவுலினைக் கூப்பிட்டேன், எல்லாத்தையும் கொட்டினேன்.

"கையெழுத்து போட்டாச்சுல்ல?" அப்படின்னா.

"போட்டாச்சு. என் பேரு என்னாகிறது?"

"உங்க பேரைத் தூக்கி உறியில வைங்க. அந்தம்மா அழுதாங்களா?"

"இல்ல."

"புருசன் செத்தப்பவாவது?"

"இங்க சத்தம் போட்டு அழ மாட்டாங்க போல. அடக்கத்தன்னிக்கு வந்தவங்களுக்கெல்லாம் அவங்களே காபி கொடுத்தாங்கன்னு தாரியோ சொன்னாரு."

பவுலினுக்குக் கோவம் வந்துருச்சு. "அடப் பாவிகளா. ஒரு வருசமா அந்தப் பொம்பளையக் கட்டிப் பிடிச்சு அழ ஒருத்தர் இல்லையா? அதுக்குப் பதிலா ஊரே கூடி நின்னு ஒரு தோட்டத்தை வெட்ட விட்டுச்சாக்கும்?"

எனக்கு அது தோணவே இல்ல. ஏழு மாசமா என் பேரு, என் கவாத்து, என் கையெழுத்துன்னே கிடந்திருக்கேன். பெட்டியை உள்ள எடுத்து வச்சேன்.

அக்டோபர் 14

ரென்சோ செத்து இன்னிக்கு வருசம். பூசை முடிஞ்சு எல்லாரும் தோட்டத்துக்குப் போயிட்டாங்க, நெபியோலோ அறுவடை. குன்று பூரா ஆளுக, கூடை, பேச்சுச் சத்தம். மேட்டுத்தோட்டத்துல மட்டும் ஒருத்தரும் இல்ல.

பதினோரு மணி இருக்கும். சிஞ்ஞோரா கருப்பு உடுப்போட வந்து, "என்னோட வர்றியா?" அப்படின்னாங்க. எங்கன்னு நான் கேக்கல. மேல ஏறினோம். நாலாவது வரிசைக்குள்ள பாதி தூரம் போய் நின்னாங்க. கையைக் கட்டிக்கிட்டு, உதட்டை இறுக்கிக்கிட்டு, அப்படியே நின்னாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நான் கட்டிப் பிடிக்க முடியாது. ஆறுதல் சொல்ற அளவுக்கு இத்தாலிய மொழியும் வராது.

போனை எடுத்து பவுலினைக் கூப்பிட்டேன். வீடியோவுல வந்தா. "இதுதான் அந்த இடம், அவங்க வந்திருக்காங்க" அப்படின்னு சொல்லிட்டு போனை சிஞ்ஞோரா பக்கம் திருப்பினேன்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. இதுக்கு முன்னாடி பேசினதே இல்ல. பவுலின் கேள்வி கேக்கல, வணக்கம் சொல்லல. முந்தானையை வாயில வச்சா. "ஏ ஆத்தா" அப்படின்னு ஆரம்பிச்சுட்டா. எங்க ஊர்ல இழவு வீட்டுக்குள்ள நுழையும்போதே பொம்பளைக ஆரம்பிப்பாங்களே, அதே மாதிரி. உன்னை இப்படி ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டாரே ஆத்தா, நீ யாரைப் பாத்து ஆறுவேன்னு மாரிலடிச்சு அழுதா. ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது அந்தம்மாவுக்கு.

சிஞ்ஞோரா கண்ணை எடுக்காமப் பாத்தாங்க. முகம் கோணுச்சு. அப்படியே மண்ணுல சரிஞ்சு உக்காந்தாங்க. ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, நான் பயந்தே போயிட்டேன். அவ்வளவு பெரிய சத்தம் அந்த உடம்புக்குள்ள இத்தனை நாள் எங்க இருந்துச்சுன்னு தெரியல. வேலிக்கு அந்தப் பக்கம் தாரியோ ஆளுக எல்லாரும் கத்தரியை நிறுத்திட்டாங்க. குன்றே அடங்கிப் போச்சு.

பவுலின் விடல. இவங்க ரென்சோ, ரென்சோன்னு கத்த, அவ அங்கருந்து அவரு பேரையே பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல போனைப் பிடிச்சுக்கிட்டு மண்டி போட்டிருந்தேன். கை கடுத்துப் போச்சு. மறு கைக்கு மாத்திக்கிட்டேன்.